ஆளுகிறவருக்காக என்ன கேட்பது?

ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபம் வரும்போது சபைக்கு ஒரு சின்ன ஓய்வு கிடைத்துவிடுகிறது. வியாதியஸ்தர் பட்டியல் வாசிக்கையில் தெரிந்த பெயர் வருகிறதா என்று காது கொடுப்போம். அப்புறம் "எங்கள் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நல்ல ஞானத்தைக் கட்டளையிடும்" என்ற வரி வரும். அந்த வரிக்கு யாரும் கண்ணைத் திறப்பதுமில்லை, இறுக மூடுவதுமில்லை. ஆமென் சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவோம்.

தேர்தல் முடிந்த வாரத்தில் மட்டும் நிலைமை வேறு. அன்றைக்கு அதே வரிக்கு ஒரு பக்கத்து ஆமென் கொஞ்சம் உரக்க வரும். இன்னொரு பக்கம் தொண்டையைச் செருமிக்கொள்ளும். எங்கள் சபையில் பொது ஜெபம் ஏறெடுக்கும் முறை எனக்கும் வருவதுண்டு. பெயர் சொல்லி ஜெபித்த வாரம் ஒரு பெரியவர் வெளியே பிடித்துக்கொண்டார். "தம்பி, அவர் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கணுமா? கட்சிக் கூட்டம் மாதிரி இருந்துச்சு." பெயர் சொல்லாமல் விட்ட வாரம் ஒரு அக்கா கேட்டார்: "ஏன், அவர் பேரைச் சொன்னா வாய் வலிக்குமா?" இரண்டு பேருமே கோபத்தில் கேட்கவில்லை. இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஜெபிக்கலாமா, கூடாதா என்பது எனக்குக் கேள்வியே இல்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் அதை முடித்துவிட்டது: "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்." அப்போது ரோமில் நீரோ என்பதை எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்டாயிற்று. சிக்கல் அடுத்த அடியில் இருக்கிறது. சரி, ஜெபிக்கிறோம். அந்த மனிதருக்காக என்னத்தைக் கேட்கிறோம்? ஆயுளா, வெற்றியா, மனந்திரும்புதலா, பதவி விலகலா? வரலாற்றில் இந்த ஜெபத்துக்காக நடந்த சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது. ஆட்சியாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சபைக்குத்தான் அடிக்கடி மறந்துபோகிறது.

பழக்கம் சபைக்கு முந்தியது. பாபிலோனுக்குச் சிறையாய்ப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், தங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணச் சொல்கிறார். "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." வீட்டை இடித்தவனுடைய ஊருக்காக ஜெபி என்கிற கடிதம் அது. கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! எஸ்றாவின் புத்தகத்தில் பெர்சிய ராஜாவே செலவுக்குக் கொடுத்து, தனக்காகவும் தன் குமாரருக்காகவும் மன்றாடச் சொல்கிறான். பிற்பாடு எருசலேம் தேவாலயத்தில் ரோமப் பேரரசனுக்காக நாள்தோறும் பலி செலுத்தப்பட்டது. பேரரசனுக்குப் பலி கிடையாது. பேரரசனுக்காக, இஸ்ரவேலின் தேவனுக்குப் பலி. ரோமும் அந்த அளவில் ஒத்துப்போயிருந்தது.

கி.பி. 66-ல் அது நின்றது. முன்னாள் பிரதான ஆசாரியர் ஒருவரின் மகன் எலெயாசார், அந்நியர் சார்பில் வரும் எந்தப் பலியையும் இனி வாங்கக் கூடாது என்று ஆசாரியர்களை இணங்கவைத்தான். மூத்தவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ரோமோடு வந்த யுத்தத்துக்கு அஸ்திவாரம் இதுதான் என்று அந்தக் காலத்தைப் பார்த்து எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் சொல்கிறார். நாலு வருஷத்தில் ஆலயமே இல்லை. ஒரு வேண்டுதலை நிறுத்தியதை யுத்தப் பிரகடனமாக ஒரு பேரரசு வாசித்தது. நாம் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகும் அந்த வரிக்கு இவ்வளவு கனம்.

ஆதி கிறிஸ்தவர்கள் நின்ற இடமும் அந்தக் கோடுதான்: அவனுக்காக ஜெபிப்போம், அவனிடம் ஜெபிக்க மாட்டோம். சுமார் 112-ல் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் என்று பிடித்துவரப்பட்டவர்களைச் சோதித்த விதத்தைப் பேரரசன் டிராஜனுக்கு எழுதியிருக்கிறார். பேரரசனின் சிலைக்கு முன்னால் சாம்பிராணியும் திராட்சரசமும் வைத்து வணங்கி, கிறிஸ்துவைத் தூஷித்தால் விட்டுவிடுவார். உண்மையான கிறிஸ்தவரை இதைச் செய்யவைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாகவும் அவரே எழுதுகிறார்.

கிறிஸ்தவர்கள் பேரரசனை மதிப்பதில்லை என்ற குற்றச்சாட்டுக்கு 197-ல் கார்த்தேஜிலிருந்து தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிய பதிலை அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி நறுக்கென்று எழுதுகிற மனிதர். நாங்கள் பேரரசனுக்காகக் கேட்கிறோம் என்று ஒரு பட்டியல் போடுகிறார்: நீண்ட ஆயுள், பத்திரமான ஆட்சி, பாதுகாப்பான வீடு, தைரியமுள்ள படை, விசுவாசமுள்ள செனட், நேர்மையான ஜனம், அமைதியான உலகம். கைகளை விரித்து, தலையை மூடாமல், எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் இருதயத்திலிருந்து ஜெபிக்கிறோம் என்கிறார். உடனே அடுத்த அடி. இதையெல்லாம் யாரிடம் கேட்டால் கிடைக்குமோ அவரிடம்தான் கேட்கிறேன்; பேரரசனைத் தேவன் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. வெற்றி ஊர்வலத்தில் ரதத்தில் நிற்கும் பேரரசனின் பின்னாலிருந்து 'நீ மனுஷன் என்பதை நினைத்துக்கொள்' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே வருவதையும் எடுத்துக் காட்டுகிறார்.

அந்தக் குரலின் வேலையைத்தான் இந்த ஜெபமும் செய்கிறது என்று நினைக்கிறேன். ஒருவருக்காக ஆயுளைக் கேட்டால், அவருடைய ஆயுள் அவர் கையில் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ஞானத்தைக் கேட்டால், அது அவரிடம் போதுமான அளவு இல்லை என்று சபை நடுவே சொல்லியாகிவிட்டது. இதைவிட மரியாதையாக ஒரு ராஜாவை இறக்கி உட்காரவைக்க முடியாது.

சில சமயம் ராஜாவே கேட்டு வருவதும் உண்டு. 303-ல் தொடங்கிய பெரிய உபத்திரவத்துக்கு முக்கியக் காரணமானவர்களில் ஒருவன் ரோமப் பேரரசன் கலேரியஸ். 311-ல், கொடிய வியாதியில் கிடந்து, கிறிஸ்தவர்கள் மறுபடி கூடிக்கொள்ளலாம் என்று ஆணை போட்டான். அதன் கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தான்: இந்தத் தயவுக்குக் கைம்மாறாக எங்கள் நலத்துக்காகவும் அரசின் நலத்துக்காகவும் உங்கள் தேவனிடம் மன்றாட வேண்டும். சில நாட்களில் செத்துப்போனான். எட்டு வருஷமாக வேதப்புத்தகங்களைக் கொளுத்தியவன் அவன். அந்த வாரம் யாராவது அவனுக்காக ஜெபித்திருப்பார்களா? ஜெபித்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அதற்கு மனம் வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

சபையும் அரண்மனையும் சம்பந்தி ஆன பிறகு கதை மாறுகிறது. ஜெபம் அரசாங்கக் காகிதம் ஆகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஜெபப் புத்தகத்தில் ராஜாவுக்கான ஜெபம், அவர் தம் எல்லாச் சத்துருக்களையும் வென்று மேற்கொள்ளும்படி கேட்கிறது. அச்சிட்டாயிற்று, வாசித்தாக வேண்டும். யார் எந்தப் பெயரை வாசிக்கிறார்கள் என்பது விசுவாசப் பரீட்சையாகிவிட்டது. 1689-ல் ராஜா மாறியபோது, பழைய ராஜாவுக்குச் செய்த சத்தியத்தை மீற மாட்டோம் என்று கான்டர்பரி பேராயர் சான்கிராஃப்ட் உட்படப் பலர் வேலையை இழந்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆயர்களின் கீழ் இயங்கிய எபிஸ்கோபல் சபையார் இன்னும் பிடிவாதம். ஆளும் ராஜாவின் பெயரைச் சொல்லி ஜெபிக்காத குருமாருக்கு எதிராகச் சட்டமே வந்தது. 1746-க்குப் பிறகு, அப்படிப்பட்ட குரு நடத்தும் ஆராதனையில் வீட்டாரைத் தவிர ஐந்து பேர் கூடினாலே குற்றம். 1788 ஜனவரியில், அவர்கள் நம்பிக்கொண்டிருந்த, பழைய ராஜாவின் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் ரோமில் இறந்துபோனார். அடுத்த வாரிசு அவருடைய தம்பி, கத்தோலிக்கக் கார்டினல். போதும் என்று அந்த வருஷமே மூன்றாம் ஜார்ஜின் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆயர்கள் முடிவெடுத்தார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் ஒரு பெயருக்காக! எனக்கு இதில் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

அமெரிக்காவில் 1776 ஜூலை 4 அன்றே பிலடெல்பியாவின் கிறைஸ்ட் சர்ச் நிர்வாகக் குழு ராஜாவுக்கான ஜெபங்களை விட்டுவிடத் தீர்மானித்தது. ஜெபப் புத்தகத்தில் அந்த வரிகள் பேனாவால் அடிக்கப்பட்டன. 1789-ல் வந்த புதுப் புத்தகத்தில் ராஜா இருந்த இடத்தில் ஜனாதிபதி உட்கார்ந்தார். உள்நாட்டுப் போர் வந்தபோது அந்த ஜெபம் மறுபடி பரீட்சைத்தாள் ஆயிற்று.

1862 பிப்ரவரி, வர்ஜீனியாவின் அலெக்ஸாண்டிரியா. ஊர் வடக்குப் படையின் கையில், சபையாரின் மனசு தெற்கில். செயின்ட் பால்ஸ் ஆலயத்தில் ஸ்டூவர்ட் என்ற குரு ஆராதனை நடத்துகிறார். ஜனாதிபதிக்கான ஜெபம் வர வேண்டிய இடத்தில் அதைத் தாண்டி லித்தானியா என்ற மன்றாட்டு வரிசைக்குப் போகிறார். மக்கள் நடுவே உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்து, விட்ட ஜெபத்தை வாசிக்கச் சொல்கிறார். குரு காதில் வாங்காமல் தொடர்கிறார். சிப்பாய்கள் போய் அவரைப் பிடித்து, அங்கியோடே தெருவில் இழுத்துப் போகிறார்கள். துப்பாக்கி முனையில் லிங்கனுக்கு ஒரு ஆசீர்வாதம் கேட்கவைக்க முயன்றிருக்கிறார்கள். அப்படி வாங்கிய ஜெபத்தை வைத்துக்கொண்டு லிங்கன் என்ன செய்வார்?

போர் முடிந்த 1865-ல் அலபாமாவின் ஆயர் வில்மர் இன்னும் நுட்பமாகப் போனார். அந்த ஜெபம் ராணுவம் சாராத குடிமை அதிகாரத்துக்கு ஆரோக்கியமும் வாழ்வும் நீண்ட ஆயுளும் கேட்கிறது. இங்கே இருப்பது ராணுவ ஆட்சி. அது நீடிக்கட்டும் என்று யாரும் மனசார விரும்ப முடியாது. விரும்பாததைத் தேவனிடம் கேட்பது மாய்மாலம். ஆகவே வாசிக்க வேண்டாம் என்று குருமாருக்குச் சொல்லிவிட்டார். தளபதி ஆயரையும் குருமாரையும் ஊழியத்திலிருந்து நிறுத்தி ஆலயங்களை மூடினார். சில மாதங்களில் மேலிடம் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வில்மரின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அவர் யார் பக்கம் நின்றார் என்பதும் தெரியும். மனிதரை விலைக்கு வாங்கி விற்ற ஒரு அமைப்பின் தோல்வியை ஏற்க மனமில்லாத பக்கம் அது. வாதம் சுத்தம், நின்ற இடம் அழுக்கு. இதை இங்கே இழுப்பதற்குக் காரணம், கிட்டத்தட்ட அதே வாதத்தை நூற்றிருபது வருஷம் கழித்து வேறு ஆட்கள் வைத்தார்கள்.

1985 ஜூன் 16. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியில், சொவேட்டோவில் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்ட நாளின் ஒன்பதாம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் இறையியலாளர்கள் சிலரும் அங்குள்ள சபைகளின் மாமன்றத்தைச் சேர்ந்தவர்களும் அநீதியான ஆட்சி முடிவுக்கு வரும்படி ஜெபிக்க அழைப்பு விடுத்தார்கள். ஆளுகிறவர்கள் ஞானமாய், நீதியாய் ஆளும்படி இவ்வளவு காலமும் ஜெபித்தோம். இப்போது இந்தக் கொடுங்கோல் அமைப்பையும், நீதிக்கான கூக்குரலைக் கேட்க மறுக்கிற ஆட்சியாளர்களையும் தேவன் நீக்கும்படி ஜெபிக்கிறோம் என்பது அதன் சாரம். நாடே அதிர்ந்தது. சபைத் தலைவர்களிலேயே சிலர் இதில் எங்களுக்குப் பங்கில்லை என்று ஒதுங்கினார்கள். தேவன் வைத்த அதிகாரத்தை எடுக்கச் சொல்லி தேவனிடமே கேட்பதா என்று கேட்டார்கள்.

நான் கேட்கலாம் என்கிற பக்கம். ஆனால் வில்மருக்கு இல்லாத எந்த உரிமை இவர்களுக்கு வந்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமே. 'என் மனசாட்சி ஒப்பவில்லை' என்று இரண்டு பேரும் சொல்லலாம். 72-ஆம் சங்கீதத்தை வைத்துத்தான் எனக்குப் பிரித்துப் பார்க்க முடிகிறது. ராஜாவுக்காகவே எழுதப்பட்ட ஜெபம் அது. "தேவனே, ராஜாவுக்கு உம்முடைய நியாயத்தீர்ப்புகளைக் கொடுத்தருளும்" என்று ஆரம்பித்து, எளியவனை விடுவிக்கவும் இடுக்கண் செய்கிறவனை நொறுக்கவும் கேட்கிறது. அவர்களுடைய இரத்தம் அவன் பார்வைக்கு அருமையாயிருக்கும் என்கிறது. ஆயுள், பொன், செழிப்பு எல்லாம் அந்தச் சங்கீதத்திலும் உண்டு. ஆனால் எளியவனை நடுவில் வைத்துவிட்டுத்தான் அவை. 1985-ல் கேட்டவர்கள் அந்த எளியவர்களுக்குள்ளிருந்து கேட்டார்கள். வில்மரின் கடிதத்தில், அப்போதுதான் விடுதலையான லட்சக்கணக்கானவர்கள் ஒரு பொருட்டாகவே இல்லை.

நீக்கும்படி கேட்பதற்கும் நாசமாகப் போகட்டும் என்று கேட்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அமெரிக்காவில் ஒபாமா ஆட்சிக்கு வந்த 2009-ல், கார்களின் பின்னால் ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள்: ஒபாமாவுக்காக ஜெபியுங்கள், சங்கீதம் 109:8. திறந்து பார்த்தால், "அவனுடைய நாட்கள் கொஞ்சமாகக்கடவது, அவனுடைய உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்." வேடிக்கை என்றார்கள். அடுத்த வசனத்தையும் படிக்க வேண்டும்: அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களும், அவன் மனைவி விதவையுமாகக்கடவர்கள். அந்த வீட்டில் அப்போது இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். சாபச் சங்கீதங்களை வேதத்திலிருந்து எடுத்துவிடச் சொல்கிற ஆள் நான் இல்லை. நசுக்கப்பட்டவன் வேறு எங்கே போய்க் கத்துவான்? ஆனால் காரில் ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு போகிற சௌகரியம் இருக்கிறவனுக்கு அந்தச் சங்கீதம் எழுதப்படவில்லை.

எதிர்த்திசையிலும் இதே ஆபத்து. 2022-ல், உக்ரைன் போர் நடந்துகொண்டிருக்கையில், ரஷ்யத் திருச்சபையின் தலைவரான பேட்ரியார்க் கிரில், ஆராதனையில் வாசிக்க ஒரு ஜெபம் கொடுத்தார். அதில் ஜெயத்துக்கான வேண்டுதல் இருந்தது. மாஸ்கோவில் இயோன் கோவல் என்ற குரு 'ஜெயம்' வருகிற இடத்தில் 'சமாதானம்' என்று வாசித்தார். யாரோ கவனித்துப் புகார் கொடுத்தார்கள். 2023-ல் அவருடைய குருத்துவத்தையே பறித்தார்கள். பொது ஜெபத்தை யாரும் கவனிப்பதில்லை என்று மேலே எழுதினேன். அதிகாரம் மட்டும் ஒரு சொல்லையும் விடாமல் கவனிக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு நான் ஜெபத்தை எழுதிக்கொண்டு போவது வழக்கமாயிற்று. பெயரைச் சொல்கிறேன், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி இரண்டிலும். 'தலைவர்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நான் விரும்புகிறவரை மட்டும் மனசில் நினைத்துக்கொண்டு தப்பித்துவிடலாம்; பெயர் சொன்னால் முடியாது. வெற்றி கேட்பதில்லை. 'இவரை எங்களுக்குத் தந்ததற்காக ஸ்தோத்திரம்' என்பதையும் விட்டுவிட்டேன், அது சீக்கிரம் வாழ்க கோஷமாகிவிடுகிறது. உண்மையைச் சொல்கிற ஆட்கள் அவரைச் சுற்றி இருக்க வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்க அவருக்குக் காது வேண்டும் என்று கேட்கிறேன். சாலொமோன் தனக்காகக் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்: ஜனங்களை நியாயம் விசாரிக்க ஞானமுள்ள இருதயம். அந்த வாரம் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஏதாவது ஒரு தீர்மானம் தெரிந்தால், அதனால் யார் பாதிக்கப்படுவார்களோ அவர்களையும் சொல்வேன். அவருக்குத் தூக்கம் வரட்டும் என்றுகூட ஒருமுறை கேட்டேன். தூங்காத மனிதர்கள் போடும் உத்தரவுகளைப் பற்றி எனக்குப் பயம் உண்டு.

தீமோத்தேயு வசனத்தில் எனக்கு உறுத்துகிற இடமும் ஒன்று இருக்கிறது. "கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்பண்ணும்படிக்கு" என்று அது காரணம் சொல்கிறது. நம் ஆலயக் கதவு திறந்திருக்கிறது, நம்மை யாரும் தொந்தரவு செய்யவில்லை, ஆகவே ஆட்சி நல்ல ஆட்சி என்று முடித்துக்கொள்ள இந்த ஒரு வரி எத்தனை சபைகளுக்கு வசதியாக இருந்திருக்கிறது! ஆனால் முந்தின வசனம் "எல்லா மனுஷருக்காகவும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. அமைதல் நமக்கு மட்டும் கிடைத்து, அடுத்த தெருவில் இருப்பவனுக்குக் கிடைக்காவிட்டால் கேட்டது இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். லூத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில், அன்றன்றுள்ள அப்பம் என்றால் என்ன என்ற கேள்விக்குச் சாப்பாடு, உடை, வீடு, வயல் என்று சொல்லிக்கொண்டே போய் நல்ல ஆளுகையையும் அதில் சேர்த்திருக்கிறார். கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போதெல்லாம் அரசாங்கத்துக்காகவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், அதுவும் 'எங்களுக்கு' என்ற பன்மையில்.

'அதிகாரமுள்ள யாவருக்காகவும்' என்பதில் ஜனாதிபதி, பிரதமர் மட்டும்தானா? மனுவை வாங்கி மேசைக்கடியில் வைக்கிற எழுத்தர், இரவுப் பாராவில் நிற்கும் காவலர், ஜாமீன் மனுவைப் பார்க்கிற நீதிபதி, சிறைச்சாலையில் சாவி வைத்திருப்பவர். ஒரு ஏழையின் வாழ்க்கையில் அதிகாரம் என்பது பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களை எந்தப் பொது ஜெபத்திலும் அதிகம் கேட்டதில்லை. நான் சேர்க்க ஆரம்பித்த பிறகு, சபையில் காவல்துறையில் வேலை பார்க்கும் ஒருவர், அந்த வரி வந்தபோது நிமிர்ந்து பார்த்ததாக அவர் மனைவி சொன்னார். தன்னுடைய வேலைக்காக யாரும் ஜெபித்து அவர் கேட்டதில்லையாம். அவர் மேல் ஒரு எதிர்பார்ப்பு விழுந்திருக்கும் என்றும் வைத்துக்கொள்ளலாம், விழட்டும்.

அதே ஆலயத்தில், காவல் நிலையத்தில் அடிபட்டு வந்த பையனின் தாயும் இருக்கிறார். காவலருக்கான வரி வரும்போது அவர் வாய் அசைவதில்லை. அவரை ஆமென் சொல்லவைப்பது என் வேலை இல்லை. அடுத்த முறை என் பங்கு வந்தபோது, அந்த வரிக்கு முன்னால் அதிகாரத்தின் கையில் காயப்பட்டவர்களுக்காக ஒரு வரி சேர்த்தேன். பெரியவர் மறுபடி வெளியே நின்றுகொண்டிருந்தார். "இது அரசியல் ஆகாதா தம்பி?" ஆகலாம் ஐயா என்றேன். எரேமியாவின் கடிதமும் அப்படித்தான் ஆயிற்று. அதை எழுதியதற்காக அவரைப் பிடித்துக் கட்டச் சொல்லி பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புகார்க் கடிதம் வந்ததை அதே அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள் என்றும் சொன்னேன். வாசித்துவிட்டு வந்து சண்டை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.